சேம அச்சு

பெங்களூரில் அல்சூர் என்று நாம் வழங்கும் பகுதியைக் கன்னடத்தார் ஹலசூரு என்பர். 'ஹலசு' என்றால் பலா. பலாமரங்கள் நிறைந்திருந்த சிற்றூர் ஒன்று, ஏரியும் சோமேசுவரர் கோயிலும் சூழ, பிற்காலத்தில் பெருநகரின் உறுப்பாயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. அவ்வூரின் வழியாகவே பழைய சென்னைச் சாலை கிழக்கு நோக்கிச் செல்கிறது. ஹொசகோட்டை, கோலார், முளுபாகல், சித்தூர் என நீளும் அச்சாலை இறுதியில் சென்னையை அடைகின்றது. தெற்கே ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் எனச் செல்லும் வழி மற்றொன்று. இவ்விரு வழிகளிலும் நம் முன்னோர் வந்தனர். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் உப்பும் புளியும் துணியும் வந்தன.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்குப் பொருள் வரும் வழியைப்பற்றித் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வரும் ஒரு மூட்டை, புறப்பட்ட இடம் எது, எத்தனை கை மாறியது, எங்கே இரண்டு நாள் கிடந்தது என்பதையெல்லாம் நாம் நன்கு அறிவோம். விளைவிப்பவர், வாங்குபவர், சேமிப்பவர், சுமப்பவர், விற்பவர் என ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பொருள் செல்லும் இவ்வொழுங்கினை வழங்கல் தொடர் என்று இக்காலத்தில் கூறுகின்றனர். அத்தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும். அறுந்தால் விரைவில் இணைய வேண்டும். அதைத் தாங்கும் மண்ணையும் நீரையும் மனிதரையும் அது அழித்துவிடக் கூடாது. உலகத் தொழில்கள் அனைத்தும் இன்று எதிர்நோக்கும் பெருஞ்சிக்கல் இதுவே. இச்சிக்கல் புதியதா என்று கேட்பின், அல்சூரின் வரலாறு 'இல்லை' என விடை கூறும்.

இதற்கு ஒரு சொல்லைச் சங்க காலத்திலிருந்தே எடுத்துக் கொள்ளலாம். உப்பு வணிகரான உமணர் வண்டிகளில் உப்பேற்றி நெடுந்தொலைவு செல்வர். பள்ளமும் மேடும் எங்கே வரும் என்று முன்கூட்டி அறிய முடியாது. ஆதலின் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்வது அவர் வழக்கம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகனான பொகுட்டெழினியை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரியாகும். அது தமிழகத்திலிருந்து பெங்களூருக்கு ஏறி வரும் வழிகளுள் ஒன்றில் உள்ளது என்பது நினைக்கத் தக்கது. நல்ல சாலையில் செல்லும்போது சேம அச்சு வீண்சுமை. அச்சு முறியும் இடத்திலோ அதுவே வண்டி. இவ்வழியில் சேம அச்சின்றிச் சென்றவர் யார், அதனால் நேர்ந்தது என்ன என்று இனிக் காண்போம்.

1791-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காரன்வாலிஸ் பிரபு பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். மே மாதத்தில் சீரங்கப்பட்டணத்தை நோக்கிப் படை நடத்தினார். படையில் பீரங்கிகளுக்குக் குறைவில்லை, வீரர்களுக்கும் குறைவில்லை. ஆனால் படை செல்லும் வழியில் உணவோ தீவனமோ கிடைக்காதவாறு திப்பு சுல்தான் நாட்டை வெறுமையாக்கியிருந்தார். மழையும் தொடங்கிற்று. பீரங்கிகளை இழுக்கும் எருதுகள் பசியாலும் நோயாலும் மடிந்தன. தலைநகரின் அருகே போரில் வென்றும் காரன்வாலிஸ் மேலே செல்ல இயலவில்லை. இழுப்பதற்கு மாடில்லாத பெரும்பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்து அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். எதிரியின் வாள் செய்ய முடியாததை ஒரு கட்டுப் புல்லின் குறைவு செய்தது.

அடுத்த ஆண்டில் அவர் அப்பிழையை மீண்டும் செய்யவில்லை. தானிய வணிகத்தையே குலத்தொழிலாகக் கொண்ட பிரிஞ்சாரிகள் எனும் இலம்பாடி மக்களைக் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் போன்றோர் பெருந்தொகையினராகத் திரட்டினர். பொதிமாடுகளின் முதுகில் தானியம் ஏற்றி, வழியில் கண்ட புல்வெளிகளில் மாடுகளை மேயவிட்டு, குடும்பத்தோடு நடந்து செல்வது அம்மக்களின் முறை. ஒருவர் வரத் தவறினும் மற்றொருவர் வருவர். இவ்வாறு உணவு வழி உறுதிப்பட்ட பின்னரே 1792-ஆம் ஆண்டுப் போர் ஆங்கிலேயருக்கு வெற்றியாக முடிந்தது. அதன் பயனாகப் பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் அவர் கைக்கு வந்தன. ரீட் அப்பகுதிக்கே ஆட்சியாளராக அமர்த்தப்பட்டார்.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலப் படை அங்கே தங்கியது. அவ்விடத்துக் காய்ச்சல் வீரர்களை வாட்டியது. ஆதலின் 1809-இல் படைத்தளம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பழைய கோட்டைக்கும் பேட்டைக்கும் வடகிழக்கே, அல்சூரை ஒட்டிய மேட்டுநிலத்தில் புதிய பாசறை எழுந்தது. மக்கள் அதனைத் தண்டு என்றனர். படையைக் குறிக்கும் தண்டு என்னும் சொல் கன்னடத்துக்கும் தமிழுக்கும் பொதுவானது. சென்னை மாகாணப் படை வந்த இடத்துக்குச் சென்னை மாகாணத்து மக்களும் வந்தனர். வீரர், வண்டிக்காரர், சலவைத் தொழிலாளர், தோட்டக்காரர், கொத்தர், கருமார், தானிய வணிகர், குத்தகைக்காரர் என வந்தோர் பலர். சென்னைப் பொறியாளர் படையும் பின்னர் அல்சூர் ஏரியின் கரையிலேயே நிலைகொண்டது.

ஒரு சிற்றூரின் அருகே திடீரென ஒரு நகரம் முளைத்தால் அதற்குச் சோறிடுவது யார்? தண்டுக்கு நாள்தோறும் அரிசியும் இறைச்சியும் காய்கறியும் பாலும் விறகும் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் வேண்டியிருந்தன. அவற்றை இங்கே கொண்டு வந்து சேர்த்தோர் பெரும்பாலும் பெயர் தெரியாத மனிதர்கள். அவர்களிடையே பெயர் நிலைத்தவருள் ஒருவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். குத்தகைத் தொழிலில் உயர்ந்த அவர் 1868-இல் முடிந்த அட்டாரக் கச்சேரிக் கட்டடத்தைக் கட்டியவர். 1873-இல் எளியோரின் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். ஆயினும் அத்தகைய ஒருவர் பெயருக்குப் பின்னே ஆயிரம் வண்டிக்காரர்களின் கால்தடம் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வண்டிகளையும் படையின் பீரங்கிகளையும் இழுத்த மாடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மைசூர் மன்னர்கள் 'பெண்ணெ சாவடி' என்ற பெயரில் மாட்டுப் பண்ணைகளைப் பேணி வந்தனர். திப்பு சுல்தான் அதற்கு அமிர்த மகால் எனப் பெயரிட்டு, நாடெங்கும் மேய்ச்சல் நிலங்களை ஒதுக்கினார். ஹைதர் அலி இத்தகைய மாடுகளின் உதவியால் இரண்டரை நாளில் 100 மைல் கடந்து சிதம்பரத்தை அடைந்தார் என்று ஆங்கிலேயர் குறிப்புகள் கூறும். 1799-க்குப் பின் இப்பண்ணை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அமைதி நிலவிய காலத்தில் அது வீண்செலவாகத் தோன்றிற்று. 1860-இல், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், சிக்கனம் கருதி மந்தைகள் விற்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள்ளேயே நல்ல மாடுகளுக்குப் பஞ்சம் வந்தது. 1866-இல் அதே பண்ணையை மீண்டும் தொடங்க நேர்ந்தது. விற்பதற்கு ஒரு கட்டளை போதும். மீண்டும் ஒரு மாட்டினத்தைப் பெருக்குவதற்கோ பல ஆண்டுகள் வேண்டும். சேம அச்சை விற்று அன்றைய செலவைக் குறைத்த கதை இது.

மாட்டின் தேவை குறைந்துவிட்டது என்று எண்ணுவதற்குக் காரணமும் இருந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதிக்குத் தொடங்கிய இருப்புப்பாதை மேற்கே வளர்ந்தது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு வரை கிளைப்பாதை திறக்கப்பட்டது. மாட்டுவண்டி பல நாள் நடந்த தொலைவை இரயில் ஓரிரவில் கடந்தது. தண்டின் கடைகளில் சென்னைச் சரக்கு தாராளமாகக் கிடைக்கலாயிற்று. இனிப் பஞ்சமென்பது பழங்கதை என்று பலர் எண்ணியிருந்தால் அது வியப்பன்று.

அந்த நம்பிக்கை பன்னிரண்டு ஆண்டுகளே நின்றது. 1875-இல் மழை குறைந்தது, 1876-இல் பொய்த்தது. மைசூர் நாட்டின் உயிர் உணவான கேழ்வரகு கருகியது. அந்நாட்டு உழவர் கேழ்வரகை 'ஹகேவு' எனும் நிலவறைக் குழிகளில் சேமிப்பது வழக்கம். காற்றும் ஈரமும் புகாத அக்குழிகளில் அது பல ஆண்டுகள் கெடாமலிருக்கும். ஓராண்டு வறட்சியைத் தாங்கும் சேம அச்சு அதுவே. ஆனால் எந்தக் குழியும் அள்ள அள்ளக் குறையாததன்று. வறட்சி தொடர்ந்தபோது குழிகளும் ஒழிந்தன.

இரயில் இருந்ததே, அது என்ன செய்தது என்று கேட்கலாம். அது இல்லையேல் அழிவு இன்னும் பெரிதாயிருக்கும் என்பது மெய். வங்காளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கடல்வழியே சென்னைக்கு வந்த தானியத்தை அது பெங்களூருக்குக் கொணர்ந்தது. ஆயினும் மைசூர் நாட்டிற்குள் அன்று நுழைந்திருந்த இருப்புப்பாதை இந்த ஒன்றே. ஒரு வாசல் வழியே ஒரு நாட்டுக்கே உணவு நுழைய வேண்டியிருந்தது. துறைமுகத்திலும் நிலையங்களிலும் மூட்டைகள் தேங்கின. பெங்களூரில் இறங்கிய மூட்டை அதற்கப்பால் ஊர்களுக்குச் செல்ல வண்டி வேண்டும். வண்டிக்கு மாடு வேண்டும். மாட்டுக்குப் புல்லும் நீரும் வேண்டும். அவையோ வறட்சியில் முன்னமே அழிந்திருந்தன. நம் உழவர் தலைமடை, கடைமடை என்பர். தலைமடையில் நீர் நிறைந்திருப்பினும் கடைமடைப் பயிர் காயலாம். பெங்களூர் நிலையம் தலைமடை. தொலைவிலிருந்த சிற்றூர் கடைமடை.

இதனினும் கொடிய மற்றொரு தடையும் இருந்தது. தானியம் வந்து சேர்ந்த இடத்திலும் அதை வாங்குவதற்கு ஏழைகளிடம் காசில்லை. பயிர் அழிந்தபோது வேலை அழிந்தது, வேலை அழிந்தபோது கூலி அழிந்தது, விலையோ ஏறியது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அன்றைய ஆட்சியாளர் கொள்கை. இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் ஓர் ஆளின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்ற அளவுக்குச் சுருக்கினார். கடும் உடலுழைப்புக்கு அவ்வளவு போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் அவ்வளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50,55,412 ஆக இருந்த மைசூர் நாட்டு மக்கள்தொகை 1881-இல் 41,86,188 ஆகக் குறைந்தது. எட்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இக்குறைவு வெறும் எண்ணன்று. ஊரூராக அணைந்த அடுப்புகளின் கணக்கு அது.

இப்பேரழிவிலிருந்து அரசு சில பாடங்களைக் கற்றது. 1880-இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம், பஞ்சமென்பது உணவுக் குறைவு மட்டுமன்று, வேலையும் கூலியும் இல்லாமையும் ஆகும் என்பதை உணர்த்திற்று. அதன்பின் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. பெங்களூரிலிருந்து மைசூருக்கு இருப்புப்பாதை 1882-இல் முடிந்தது. அதே ஆண்டில் தண்டின் குடிநீருக்காகச் சாங்கி ஏரி அமைந்தது. ஒரு வாசல் பல வாசலாயிற்று. எனினும் வாசல் திறந்தால் வேண்டியது மட்டுமே வரும் என்பதில்லை. 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டிய பிளேக் நோய், போக்குவரத்து வழிகள் உணவைப்போலவே நோயையும் கொண்டுவரும் என்பதைக் காட்டியது. வழியைத் திறப்பதோடு அதைக் கண்காணிப்பதும் கடமை என்று நகரம் அறிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தென்னிந்தியா மற்றொரு வகையில் ஒற்றை அச்சை நம்பியது. பர்மாவில் விளைந்த மலிவான அரிசி கப்பல் கப்பலாக வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் கையில் வீழ்ந்ததும் அவ்வரிசி நின்றது. அடுத்த ஆண்டே வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தென்னாட்டு நகரங்களில் அரிசிக்குக் கட்டுப்பாடும் பங்கீட்டு அட்டையும் வந்தன. பெங்களூரின் புகழ்பெற்ற ரவா இட்டிலி, அரிசித் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் தம் அடுக்களையில் பிறந்தது என்று மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தார் கூறுவர். அரிசி இல்லாத இடத்தில் ரவையைக் கொண்டு இட்டிலி அவித்த சமையற்காரரின் கைத்திறனும் ஒரு சேம அச்சே. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொள்ளும் அறிவு எத்தொழிலுக்கும் இன்றியமையாதது.

இனி அல்சூர் ஏரிக்கே திரும்புவோம். அருகிலுள்ள நீரைக் கொண்டு வாழ்ந்த நகரம், 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து ஆர்க்காவதி நீரைக் குழாயில் கொணர்ந்தது. அது போதாதபோது 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. அதுவும் போதாமல் 1974 முதல் காவிரி வந்தது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு அந்நீர் வருகின்றது. புதிய வழி ஒவ்வொன்றும் நன்மையே செய்தது. ஆயின் ஒவ்வொன்றும் வந்தபோது பழைய வழி கைவிடப்பட்டது. ஏரிகள் பல மனைகளாயின. எஞ்சியவற்றில் கழிவுநீர் கலந்தது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஆழ்குழாய்க் கிணறுகள் பல வற்றியபோது, தண்ணீர் வண்டிக்காகக் குடங்களுடன் காத்து நின்றோர் பெரும்பாலும் குழாய் எட்டாத கடைமடை மக்கள். அவ்வாண்டு அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் காவிரி வருகிறதென்று ஏரியை மறப்பது, இரயில் வந்ததென்று மந்தையை விற்றதற்கு நிகராகும்.

அல்சூரில் கண்டதை உலக அரங்கிலும் காணலாம். கிடங்கில் பொருளைத் தேக்குவது வீண். வேண்டும் நேரத்தில் வேண்டும் அளவு வந்தால் போதும் என்ற முறையைத் தொழிலுலகம் பல்லாண்டுகளாகப் போற்றி வந்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது ஒரு நாட்டின் கதவடைப்பு பல நாடுகளின் ஆலைகளை நிறுத்தியது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயசுக் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்தது. அவ்வாண்டில் சிறு மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் மோட்டார் வண்டி ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. சப்பானின் டொயோட்டா நிறுவனம் 2011-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கற்ற பாடத்தால் சில்லுகளைச் சில மாதங்களுக்குப் போதுமாறு சேமிக்கச் செய்திருந்தது. ஆதலின் தொடக்கத்தில் பிறரைவிட அது நிலைத்து நின்றது. தட்டுப்பாடு நீண்டபோது அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. கேழ்வரகுக் குழி சொன்ன பாடமும் இதுவே: சேமிப்பு காலத்தை வாங்கித் தரும், அக்காலத்தில் வேறு வழி தேடவேண்டுவது நம் கடன்.

அந்த 2020-ஆம் ஆண்டு மற்றோர் உண்மையையும் நம் கண்முன் நிறுத்தியது. மார்ச்சு மாத இறுதியில் வண்டிகள் நின்றபோது, பிற மாநிலங்களில் உழைத்துவந்த எளிய தொழிலாளர் வேலையும் கூலியுமின்றி நெடுஞ்சாலைகளில் கால்நடையாகத் தம் ஊர் நோக்கிச் சென்றனர். பொருள் செல்லும் வழியைக் கணக்கிட்டோர், அப்பொருளைச் சுமக்கும் மனிதன் ஒரு மாதம் கூலியின்றி வாழ்வானா என்று கணக்கிடவில்லை. 1877-இல் ஒரு பவுண்டு தானியத்தைச் சுற்றி எழுந்த வாதம் 2020-இலும் முடிந்துவிடவில்லை. வேலை தேடி வந்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது புத்தகச் செய்தியன்று. அச்சாலையில் ஒருகாலத்தில் நடந்தவர் நம் பாட்டனார்.

ஆகவே ஒரு வழங்கல் தொடரின் வலிமையை அதன் தலைமடையில் குவிந்த மூட்டைகளைக் கொண்டு அளத்தல் தகாது. கடைமடைக் குடிசையில் உலை கொதிக்கின்றதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். வழி ஒன்றுக்கு மேற்பட்டு இருத்தல், அருகில் சேமிப்பு இருத்தல், சுமப்போர்க்கும் வாங்குவோர்க்கும் கையில் கூலி இருத்தல், நீரும் நிலமும் அழியாதிருத்தல் ஆகிய இவை நான்கும் செலவு உடையவை. நல்ல காலத்தில் அச்செலவு கண்ணை உறுத்தும். அப்போது அதைக் குறைத்தவர் கெட்டிக்காரர் எனப் பெயர் பெறுவார். முறிந்த அச்சின் விலையைக் கொடுப்பவரோ வேறொருவர்.

இன்று அல்சூர் வழியே மெட்ரோ இரயில் செல்கின்றது. அதன் கீழே பழைய சென்னைச் சாலையில் சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. வண்டியின் அடியில் மாற்றுச் சக்கரம் ஒன்று கட்டப்பட்டிருப்பதை நாம் பலமுறை கண்டிருப்போம். உமணர் வழக்கம் இன்னும் மறையவில்லை. வண்டிக்காரர் மறவாத அதனை, நாட்டையும் நகரையும் தொழிலையும் நடத்துவோரும் மறவாதிருப்பாராக.